தாராவிக்கு மேலே பெய்யும் பனி

1940 பிப்ரவரி 21. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு செம்புக் கட்டியில் துளைகள் குடைந்து, இடுக்குகளை அரக்கால் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சிக்கொண்டே மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ள ரேடியோ அலைகள் பீறிட்டு வந்தன. சோதனைக்காக மாட்டியிருந்த விளக்குகள் அந்த வேகம் தாங்காமல் கருகிப்போயின. ரேடாருக்கு அலை தரும் கேவிட்டி மேக்னட்ரான் பிறந்துவிட்டது. இரவில் வரும் ஜெர்மன் விமானங்களை இனி இருட்டிலும் பார்க்கலாம் என்று பிரிட்டிஷ் ராணுவம் மகிழ்ந்தது. ஆனால் ஓராண்டுக்குள் ரேடார் திரையில் யாருமே தேடாத ஒன்று வந்து நின்றது.

1941 பிப்ரவரியில், இங்கிலாந்துக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 11 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு புள்ளிக்கூட்டம் மெல்ல நகர்ந்து போவதை ரேடார் காட்டியது. விமானம் அவ்வளவு மெதுவாகப் பறக்காது. கப்பல் அவ்வளவு அகலமாக இருக்காது. அது மழை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. மழைக்குப் பின்னால் எதிரி விமானம் ஒளிந்து வந்தால் என்ன செய்வது? மழை எவ்வளவு தூரம் ரேடாரைக் கெடுக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலை வெம்ப்ளியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜே. டபிள்யூ. ரைடிடம் வந்தது. ஒழித்துக்கட்ட வேண்டிய தொல்லை என்றுதான் அவர் முன்னால் மழையை வைத்தார்கள். அவர் போட்ட கணக்குகளிலிருந்து வேறொரு துறையே முளைக்கப் போவது அப்போது யாருக்கும் தெரியாது.

போர் நீடிக்க நீடிக்க ரேடார்காரர்களுக்கு மழை பழகிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவர்களைக் குழப்பிக்கொண்டே இருந்தது. ரேடாரை மேலும் கீழுமாக ஆட்டி மேகத்தை உயரவாக்கில் பார்த்தால், நடுவே ஒரு பளிச்சென்ற பட்டை குறுக்காக ஓடியது. அதற்கு மேலே மங்கல், கீழேயும் கொஞ்சம் மங்கல். அந்த ஒரு பட்டையில் மட்டும் மழை பல மடங்கு கனத்துப் பெய்வதுபோல் திரை சொன்னது. அதே நேரத்தில் தரையில் நின்றவர்கள் மேல் விழுந்தது வெறும் சாதாரணத் தூறல். கருவியில் கோளாறா, மேகத்தில் கோளாறா?

கோளாறு இரண்டிலும் இல்லை. பட்டை எப்போதுமே வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைத் தாண்டும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. மேலே பனிச்செதில்கள் மெதுவாக இறங்கி வருகின்றன. உலர்ந்த பனி ரேடார் அலையை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை. பூஜ்யத்தைத் தாண்டியதும் செதிலின் மேற்பரப்பு உருகி, நீர் பூசிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ரேடாருக்கு அது ஒரு ராட்சத நீர்த்துளி. இன்னும் சில நூறு மீட்டர் இறங்கினால் முழுக்க உருகிச் சின்னத் துளியாகச் சுருங்கி, வேகம் பிடித்து, துளிக்குத் துளி விலகி விழுகிறது, பட்டை மங்கிவிடுகிறது. லண்டன் தெருவில் குடையில் விழும் மழை பெரும்பாலும் சில கிலோமீட்டர் உயரத்தில் பனியாகப் பிறந்தது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி கிடைத்துவிட்டது. சாட்சியோடு ஒரு பெரிய வில்லங்கமும் சேர்ந்தே வந்தது.

கனடாவில் போர்க்காலத்தில் தொடங்கி, பிறகு மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த புயல் ஆய்வுக் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஜே. எஸ். மார்ஷல், 1948-இல் தன் மாணவர் வால்டர் பால்மரோடு சேர்ந்து, மழையில் எந்த அளவுத் துளிகள் எத்தனை இருக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். ரேடார் எதிரொலியைப் பார்த்து மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொல்ல அதுவே வழி திறந்தது. வில்லங்கம் எங்கே என்றால், எதிரொலியின் பலம் துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்கு. ஆக, ஒரு பெரிய துளியும் அறுபத்து நான்கு சின்னத் துளிகளும் ரேடாருக்கு ஒன்றே. தரையில் சேரும் தண்ணீரோ ஒன்றுக்கு எட்டு என்று மாறிவிடும். ஈரம் பூசிய ஆலங்கட்டி நாலு விழுந்தால் பேய்மழை என்று ரேடார் அலறும். உருகும் பட்டையை அதன் பார்வை வெட்டிச் சென்றாலும் அதே அலறல். பனியா, பனிக்கட்டியா, நீரா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியவில்லை. கால் நூற்றாண்டு காலம் தெரியாமலே போனது.

இதற்கிடையில் முற்றிலும் வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காக மழைத்துளியின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். படம் வரையும் குழந்தைகள் எல்லாம் துளியைக் கண்ணீர் வடிவில்தான் வரைகின்றன. ஆனால் 1904-லேயே ஜெர்மானியர் ஃபிலிப் லெனார்ட் கீழிருந்து மேலாகக் காற்றை ஊதித் துளிகளை அந்தரத்தில் மிதக்கவிட்டுப் பார்த்து, பெரிய துளிகள் தட்டையாகின்றன என்று சொல்லிவிட்டார். 1970-இல் அமெரிக்காவில் ஹான்ஸ் ப்ருப்பாக்கர், கென்னத் பியர்ட் இருவரும் அதே முறையில் நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் துளி உருண்டையாகவே இருக்கிறது. பெரிதாகப் பெரிதாக, எதிர்த்து வரும் காற்று அடியை அழுத்த, துளி பக்கவாட்டில் விரிகிறது. மும்பையின் தாராவி பேக்கரிகளில் காலையில் தட்டுத்தட்டாக இறங்கும் பாவ் ரொட்டியின் உருவம்தான்: அடி தட்டை, மேல் குவியல், உயரத்தைவிட அகலம் அதிகம். இந்த அகலம் தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கு ஒரு தலைவலியாக மாறியிருந்தது.

ரேடியோ அலை படுக்கைவாக்கிலும் அதிரும், நிமிர்ந்தும் அதிரும். இரண்டிலும் தனித்தனிச் செய்திகளை ஒரே பாதையில் அனுப்பலாம். ஆனால் நடுவில் மழை வந்தால், அகலமான துளிகள் படுக்கை அலையை அதிகமாகவும் நிமிர்ந்த அலையைக் குறைவாகவும் விழுங்கின. 1960-இல் ஜப்பானியர் டொமொஹிரோ ஒகுச்சி இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டினார். பொறியாளர்கள் இந்தச் சேதாரத்தை எப்படி ஈடுகட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மழை மறுபடியும் தொல்லைப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தொல்லையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் ஆள் சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் படித்துக்கொண்டிருந்தார்.

1971-இல் பவாய் ஏரிக்கரையில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்த வி. என். பிரிங்கி, மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பம்பாயின் பருவமழையைப் பார்த்துவிட்டுப் போன ஒரு மாணவருக்கு ஆராய்ச்சிப் பொருளாகவும் மழையே அமைந்தது. பேராசிரியர் தாமஸ் செலிகாவோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1976-இல் வெளிவந்தது. யோசனை எளிமையானது. ரேடார் ஒரு முறை படுக்கை அலையையும் ஒரு முறை நிமிர்ந்த அலையையும் அனுப்பட்டும். இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிடட்டும். துளி பெரிதாக இருந்தால் அகலமாக இருக்கும். படுக்கை எதிரொலி கூடுதலாக வரும். சின்னத் துளி உருண்டை. இரண்டும் சமமாக வரும். எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு பெரிய துளி. ஆறாம் அடுக்கு போட்ட முடிச்சு ஒரு கழித்தலில் அவிழ்ந்துவிட்டது. பனிக்கட்டியைப் பற்றி அந்தக் கட்டுரை அதிகம் கவலைப்படவில்லை. எதிர்பாராத பரிசு அங்கேதான் காத்திருந்தது.

இல்லினாயில் இருந்த சில் என்ற ரேடாரில் முதல் சோதனைகள் நடந்தன. ரேடாரை ஒரு அலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நேரம் பிடித்தது. மாற்றுவதற்குள் துளிகள் இடம் மாறிவிட்டன. இங்கிலாந்தின் சில்போல்டனில் 25 மீட்டர் அகலத் தட்டு கொண்ட ரேடாரில் நொடிப்பொழுதில் மாற்றும் விசையைப் பொருத்தியபோதுதான் படம் தெளிந்தது. திரையில் சில இடங்களில் எதிரொலி மிகப் பலமாக இருந்தும் இரண்டு அலைகளுக்கும் வித்தியாசமே இல்லை. அவ்வளவு பெரிய துளி உருண்டையாக இருக்க வழியில்லையே! அவை ஆலங்கட்டிகள். குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு விழுவதால் அவற்றுக்கு அகலம் உயரம் என்ற பேதமே கிடையாது. உருகும் பனி இன்னொரு விதமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. பாதி பனி, பாதி நீர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில்; அதனால் இரண்டு எதிரொலிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தடுமாறின. அந்தத் தடுமாற்றம் இருக்கும் உயரமே பனி மழையாகும் உயரம். எண்பதுகளில் பிரிங்கி கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேர, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த வி. சந்திரசேகர் அங்கே முனைவர் பட்டம் முடித்து அவரோடு இணைந்தார். 1990-இல் சில் ரேடாரும் கொலராடோவுக்கே இடம் மாறியது. இருவரும் 2001-இல் எழுதி வெளியிட்ட நூல் இத்துறையின் பாடநூலாயிற்று. ஆய்வுக்கூடத்தில் எல்லாம் சரிதான். வெளியே, குளிர்நாடுகளில், இந்தக் கருவி இல்லாமல் ஊர்கள் இருண்டுகொண்டிருந்தன.

1998 ஜனவரியில் மாண்ட்ரியாலைச் சுற்றி நாட்கணக்கில் ஒரு விபரீத மழை பெய்தது. மேலே பனி; நடுவில் ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கில் அது உருகி நீரானது; தரையை ஒட்டி மறுபடி உறைகுளிர். விழுந்த துளி கம்பியிலும் கிளையிலும் தொட்ட இடத்தில் பனிக்கட்டியாக இறுகியது. பாரம் தாங்காமல் உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாக மடிந்து விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் நடுக்குளிரில் மின்சாரம் இழந்தன. நடுவில் இருக்கும் வெப்ப அடுக்கு சற்றே மெலிந்திருந்தால் துளி வழியிலேயே உறைந்து சிறு கட்டிகளாக உருண்டு ஓடியிருக்கும், கம்பி தப்பியிருக்கும். இன்னும் மெலிந்திருந்தால் வெறும் பனிப்பொழிவு. பனி, கட்டி, உறைமழை மூன்றும் ஒரே புயலுக்குள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் விழும். எல்லைக்கோடு மணிக்கு மணி நகரும். அந்தக் கோட்டைத் துரத்திப் பிடிக்க உருகும் அடுக்கைக் காணும் கண் வேண்டும். டொரொன்டோவுக்கு வடக்கே கிங் சிட்டி ரேடார் 2000-களின் நடுவில் இரண்டு அலைகளையும் பார்க்கத் தொடங்கியது. அமெரிக்கா தன் சுமார் 160 ரேடார்களை 2011 முதல் 2013 வரை மாற்றியமைத்தது. 2013 டிசம்பரில் ஈழத்தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ உள்ளிட்ட டொரொன்டோவை உறைமழை தாக்கி, கிறிஸ்துமஸ் நேரத்தில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது, வானத்தில் நடந்த உருகலையும் உறைதலையும் பார்க்கும் கருவி இருந்தது. மரம் விழுவதைத் தடுக்க அதனால் முடியாது. எங்கே, எப்போது என்பதைச் சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்ல ஆளில்லாத ஒரு நகரம் அதற்குள் ஒரு நாளில் தன் வாழ்வின் பெரிய அடியை வாங்கி முடித்திருந்தது.

இந்தியாவின் புயல் ரேடார் வரலாறு 1970-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கியது. பிறகு இரு கரைகளிலும் ஒவ்வொன்றாக நிறுவினார்கள். மழையின் நகர்வையும் அளக்கும் டாப்ளர் வானிலை ரேடார்களில் நாட்டின் முதலாவது 2002-இல் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் வந்து உட்கார்ந்தது. வங்கக் கடலில்தானே புயல் அதிகம்! கொல்கத்தாவும் மசூலிப்பட்டினமும் அடுத்தடுத்துப் பெற்றன. அரபிக்கடல் சாது என்று பெயரெடுத்திருந்தது. மும்பையின் முறை வரவில்லை. 2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

மதியத்துக்குப் பிறகு வடக்கு மும்பைக்கு மேலே மேகம் பிளந்தது. மறுநாள் காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் மழைமானி 944 மில்லிமீட்டரைக் காட்டியது. அதே நேரத்தில், தெற்கே கொலாபா மழைமானியில் சேர்ந்தது 73 மில்லிமீட்டர். ஒரே நகரம், நடுவே ஒரு லோக்கல் ரயில் பயணம். கொலாபா பக்கம் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு மாட்டுங்காவில் தண்டவாளம் மூழ்கியதே தெரியாது. கடலும் அன்று பிற்பகல் ஏற்றத்தில் இருந்ததால் மித்தி ஆறு வெளியேற வழியின்றித் தாராவிக்கும் குர்லாவுக்கும் உள்ளே திரும்பியது. நகரத்தில் மட்டும் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு மழைமானிகளுக்கு இடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த மாலை யாராலும் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தால் ரயிலை எங்கே நிறுத்துவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்றாவது முடிவெடுத்திருக்கலாம். டாப்ளர் ரேடார் என்ற ஒரு கருவி இல்லாததற்கு ஒரு நகரம் கொடுத்த விலை அது. அதற்குப் பிறகும் கருவி உடனே வந்துவிடவில்லை.

முதலில் வந்தவை சின்னக் கருவிகள். மாநகராட்சி, பவாய் ஐ.ஐ.டி.யின் துணையோடு, தாராவி, செம்பூர் உள்ளிட்ட தீயணைப்பு நிலையங்கள் முதலான கட்டடங்களின் மாடிகளில் தானியங்கி மழைமானிகளை 2006 முதல் வைத்தது. உள்ளே ஊஞ்சல் கட்டையில் இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து கொட்டும், மற்றது நிமிரும். ஒவ்வொரு கவிழலும் ஒரு மின்துடிப்பு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச்சேரும். விழுந்த தண்ணீருக்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. விழப்போகும் தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 2010-ஐ ஒட்டிக் கொலாபாவில் டாப்ளர் ரேடார் சுழலத் தொடங்கியது. மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிய வந்தது. ஆனால் அதுவும் ஒரே அலையால் பார்க்கும் ரேடார். 1948-இன் வில்லங்கம் அதற்குள்ளும் இருந்தது.

வெப்ப ஊரான மும்பைக்குப் பனியோடு என்ன வேலை என்று தோன்றலாம். பருவமழைக் காலத்தில் மும்பைக்கு மேலே சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. தாழ்ந்த மேகங்கள் அதற்குக் கீழேயே நீராய்ப் பிறந்து நீராய் விழுகின்றன. நகரை முக்கும் உயர்ந்த இடிமேகங்களின் கதை வேறு. 2021 ஜூலை 17 நள்ளிரவைத் தாண்டி எழுந்த மேகம் 18 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டதாக வானிலைத் துறை தெரிவித்தது. அதாவது அதன் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைநிலைக்கு அப்பால், பனிச்செதிலும் கட்டியும் மோதிச் சுழலும் உயரத்தில் இருந்தது. செம்பூர் வாஷி நாகாவின் பாரத் நகரில், மலைச்சரிவில் இருந்த சுவர் மண்ணோடு பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகள் மேல் சரிந்தது. விக்ரோலியிலும் வீடுகள் புதைந்தன. அந்த ஓர் இரவில் நகரெங்கும் முப்பது பேரளவில் இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், டௌக்தே புயல் கடந்த வேளையில் நகரின் ஒரே ரேடார் பழுதாகிக் கிடந்ததாகச் செய்திகள் வந்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது. இன்னொரு ரேடார் வேண்டும். அதுவும் இரண்டு விதமாய்ப் பார்க்கத் தெரிந்ததாக வேண்டும். எங்கே வைப்பது?

அந்தேரி கிழக்கில், மாநகராட்சியின் குடிநீர்த் தேக்கம் இருக்கும் வேராவலிக் குன்று தேர்வாயிற்று. 2022 ஜனவரி 14, இந்திய வானிலைத் துறையின் 147-ஆவது நிறுவன நாள் கொண்டாட்டம். அன்று ஒரே விழாவில் நான்கு ரேடார்களை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, மும்பை வேராவலிக்கு ஒன்று. நான்காவது, பனிப்புயல்களைத் துரத்த லடாக்கின் லேயில். உறைந்த ஊருக்கும் வியர்க்கும் ஊருக்கும் ஒரே நாளில் கண் திறந்ததைத் தற்செயல் என்று சொல்லலாம். தேடும் பொருள் என்னவோ ஒன்றுதான். இன்னொரு பொருத்தமும் உண்டு. வேராவலிக் குன்றிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் பவாய் ஏரி. 1971-இல் அங்கிருந்து கிளம்பிய மாணவரின் யோசனை ஒஹாயோ, இல்லினாய், சில்போல்டன், கொலராடோ என்று ஊர் சுற்றி அரை நூற்றாண்டு கழித்துப் பக்கத்துக் குன்றுக்கு வந்துசேர்ந்தது.

ஜூன் மாதத்தில் மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்திலும் காந்தி மார்க்கெட் கடைவாசல்களிலும் கைபேசியில் எல்லாரும் திறந்து பார்க்கும் ரேடார் படத்தின் பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள் இப்படித்தான் பிறந்தன. அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முன், வேராவலியின் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் படுக்கை அலையையும் நிமிர்ந்த அலையையும் சேர்த்தே அனுப்பிவிட்டு, இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிடுகிறது. தாராவிக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அவை தடுமாறினால், அங்கே பனி உருகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பளபளப்பை மழை என்று எண்ணிவிடக் கூடாது என்று கணினிக்குத் தெரியும். எதிரொலி பலமாகவும் இரண்டு அலைகளும் சமமாகவும் இருந்தால் ஆலங்கட்டி. படுக்கை எதிரொலி ஓங்கினால் பெரிய துளிகள், கனமழை. தாராவியிலும் செம்பூரிலும் மாடியில் கவிழும் கிண்ணங்கள் அந்தக் கணக்கு சரிதானா என்று பதினைந்து நிமிடத்துக்கொருமுறை பதில் சொல்கின்றன.